கண்ணாடியைக் கழற்றிய மகள்

இந்த ஊரில் எந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாலும் முதலில் எனக்குக் கண் தெரியாமல் போய்விடும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் சின்ன நகரம் இது. மழையும் குளிரும் முறை வைத்து வந்துபோகும். வீடு வீடாகப் போய் வயதானவர்களின் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் ஊசி போடுவதும் என் வேலை. வெளியே விரல் விறைக்கும் குளிர். உள்ளே, பீட் என்று இவர்கள் சொல்லும் மண்கட்டியை எரித்துச் சூடாக்கிய அறை. வாசலைத் தாண்டிய உடனே என் தடித்த கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெள்ளையாகிவிடும். நம் ஊரில் கஞ்சி வடிக்கக் குனியும்போது மட்டும் நடப்பது, இங்கே வாசலுக்கு வாசல் நடந்தது. துடைத்தால் மறுபடி படியும். கழற்றிவிட்டு நடந்தால் எதிரே இருப்பது நாற்காலியா நாயா என்று தெரியாது. அதனால் மருந்துப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, ஆவி கலையும்வரை அப்படியே நிற்பேன்.

காலில் ஆறாத புண்ணோடு இருந்த நோரா என்ற அம்மையார் சில வாரங்கள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள், "நோயாளி வீட்டுக்குள் வரும்போது ஜெபம் செய்வது உங்கள் நாட்டு வழக்கமா, மகளே? எவ்வளவு நல்ல வழக்கம்!" என்றார். நான் கண்ணாடியைக் கழற்றிக் காட்டி விளக்கப் போனேன். அதற்குள் அவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக் கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகு நான் வாசலில் நிற்கும்போதெல்லாம் அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னோடு சேர்ந்து மௌனமாக இருப்பார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் எனக்கு மரியாதையான ஒரு மௌனம் கிடைத்தது.

ஆனால் நான் பக்தியால் நிற்கவில்லை, பார்வை இல்லாமல் நிற்கிறேன் என்பது எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் அப்படி நிற்கப் பொறுக்காமல் இரண்டு எட்டு வைத்தேன். தரையில் கிடந்த ஆக்ஸிஜன் குழாயை மிதித்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் காரில் திரும்பிவந்து உட்கார்ந்தபோது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. இன்னொருவர் உடம்பைத் தொடும் வேலைக்குப் படித்து வந்தவள் நான். என் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இங்குள்ள ஹீட்டர் காற்றில் கண் சிவந்து எரியும். லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியை விட்டுவிடுவது என்று அந்தக் காரிலேயே முடிவு செய்தேன். இங்கே அதற்குக் கேட்ட பணம் என் கைக்கு எட்டாது. அதைவிட முக்கியம், என் கண்ணில் கை வைப்பவரிடம் நான் தமிழில் கேள்வி கேட்க வேண்டும். விடுப்பில் ஊருக்குப் போய் மதுரையில் செய்துகொள்ளலாம் என்று வீட்டுக்குப் போன் போட்டேன்.

அம்மா ஒரே வார்த்தையில் சொன்னாள்: "வேணாம்."

அந்த வேண்டாமுக்குக் காரணம் பயம் என்றுதான் நினைத்தேன். அது மட்டுமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, கரும்பலகையில் டீச்சர் எழுதுவது தெரியாமல் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதி அடி வாங்கிக்கொண்டிருந்தேன். தாடிக்கொம்பு சாலையில் எங்கள் வீடு. அப்பா இருந்தவரை திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கினார், அம்மா அதே பேட்டையில் வெங்காயம் தரம் பிரித்தாள். பள்ளிக்கூடத்தில் கண் சோதித்த டாக்டர், இந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி போடாவிட்டால் படிப்பை நிறுத்த வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடியா, நிறுத்தினால் நிறுத்திவிட்டுப் போகிறது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அம்மா மறுநாள் பேட்டைக்குப் போகாமல் என்னைக் கடைவீதிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே வந்தபோது, தினமும் பார்க்கும் மலையின் மேல் ஒரு மதில் சுவர் ஓடுவது தெரிந்தது. அதுவரை அது வெறும் பாறை என்று நினைத்திருந்தேன்.

தெருவில் சோடாபுட்டி என்று கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு அது கேலியாகவே படவில்லை. "எம்புள்ள படிச்ச படிப்பு அம்புட்டு" என்பாள். ரேஷன் கடை, மின்சார ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று எங்கே போனாலும், "கண்ணாடியப் போட்டுக்கிட்டு வா" என்று என்னை முன்னால் விட்டுப் பின்னால் வருவாள். பன்னிரண்டு வயதில் நான் ஒரு கவுண்டரில் எட்டிப் பார்த்தபோது, உள்ளே இருந்தவர் அம்மாவை விட்டுவிட்டு, "பாப்பா என்ன படிக்குது?" என்று என்னைக் கேட்டு ஸ்டூல் போடச் சொன்னார். அம்மா அந்த ஸ்டூலில் உட்கார்ந்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதுகு சாயாமல், முழு ஸ்டூலையும் நிறைத்து உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் என்று சொல்லும் இடங்களில் அதற்குமுன் அவள் உட்கார்ந்ததே இல்லை.

அதனால் அந்த வேண்டாமுக்குப் பிறகு போனில் அவள் சொன்னது இது: "கண்ணாடியக் கழட்டிப்புட்டா நீ யாருன்னு எவனுக்குடி தெரியும்?"

நான் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

வீட்டில் போய் இறங்கியபோது சித்தையன்கோட்டையிலிருந்து சித்தி வந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தங்கை. எந்த விஷயத்துக்கும் அம்மா துணைக்குக் கூப்பிடும் ஆள். "லேசருங்கிறது என்னடி? தியேட்டர்ல பயலுக திரையில அடிக்கிறானுகளே, செவப்பு லைட்டு, அதயா கண்ணுக்குள்ள அடிக்கப் போறாக?" என்று கேட்டாள். அது வேறு என்று சொன்னேன். "வேறன்னா அதவிடப் பெருசா?" என்றாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பி முருகேசன் சிரித்துவிட்டு அம்மாவிடம் அடி வாங்கினான். மதுரைக்கு அம்மா வரவில்லை. முருகேசனும் நானும் போனோம்.

டாக்டரம்மாவிடம் என் கேள்விகளை எல்லாம் தமிழில் கேட்டேன். கருவிழியின் கனம் போதுமா, இல்லையென்றால் செய்ய மாட்டீர்கள்தானே, அறுத்துத் திறக்கும் படலம் மறுபடி ஒட்டாமல் போனால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம். அவர் எரிச்சல்படாமல் பதில் சொல்லிவிட்டு, "நர்ஸா? அதான்" என்றார். அத்தனை வருடம் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு, மேஜைமேல் படுத்துக் கூரையைப் பார்ப்பது வேறு அனுபவம். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். இமையை மூட முடியாதபடி ஒரு கம்பியை மாட்டினார்கள். பிறகு ஒரு வளையத்தைக் கண்மேல் வைத்து அழுத்தியபோது விளக்கு, டாக்டர், கூரை எல்லாம் அணைந்துபோயின. மறு கண்ணை மூடி வைத்திருந்தார்கள். இந்தக் கண் திறந்திருக்க, ஒன்றுமே தெரியாத அந்தச் சில நொடிகளில்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. கருவிழியின் மேல் ஏடு போல மெல்லிய ஒரு படலத்தை அறுத்துத் திறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் குறையவில்லை. "பச்ச லைட்டையே பாருங்கம்மா, அசையாதீங்க" என்ற குரல் கேட்டது. பச்சை என்பது தண்ணீருக்குள் கிடக்கும் விளக்குபோல் கலங்கிக்கொண்டிருந்தது. டிக் டிக் என்று சத்தம். கூடவே ஒரு வாடை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டுத்தலையை நெருப்பில் வாட்டுவார்களே, அந்த முடி கருகும் வாடை. என் கண்ணிலிருந்துதான் அது வருகிறது என்று புரிந்தும் நான் அசையவில்லை. அசைய மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தேன். அடுத்த கண்ணுக்கும் இதெல்லாம் மறுபடி நடந்தது. எழுந்து உட்கார்ந்தபோது சுவர்க் கடிகாரம் தெரிந்தது. புகைக்கு நடுவே தெரிவதுபோல்தான். ஆனால் முள் தெரிந்தது.

மறுநாள் சோதனை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு பஸ் ஏறினோம். மெட்ராஸ் ஐ என்று நினைத்து எங்கள் சீட்டுக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் எழுந்து நகர்ந்துவிட்டார்கள். நின்றுகொண்டு வந்த கூட்டத்துக்கு நடுவே எங்களைச் சுற்றி மட்டும் இடம் காலி. "அக்கா, கழட்டிராத. இப்படியே கொடைக்கானல் வரைக்கும் காலை நீட்டிக்கிட்டுப் போகலாம்" என்றான் முருகேசன்.

வீட்டில் நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் சித்தி வாயில் கை வைத்தாள். வளையம் அழுத்திய இடத்தில் வெள்ளை விழியில் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. தானாகக் கரைந்துவிடும், பார்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதை நான் சொன்னேன். அம்மாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போயிருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். பக்கத்தில் புடவைச் சரசரப்பு கேட்டது. யாரோ என் நெற்றியில் கை வைத்து அழுத்தினார்கள். கண்ணைத் திறந்தால், முகத்துக்கு நேர்மேலே சித்தியின் கையில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை. பின்னால் அம்மா. அறை வாசலில் கைக்குழந்தையோடு சித்ரா, முருகேசனின் மனைவி.

"செத்த நேரம் சும்மா கெட தாயி. ரெண்டே சொட்டு" என்றாள் சித்தி.

"என்னது அது?"

"தாய்ப்பாலுடி. சித்ரா இப்பத்தான் பீச்சிக் குடுத்தா. கண்ணு மொளகாப் பழமாட்டம் செவந்து கெடக்குல்ல, இதத் தவிர எது கேக்கும்?"

அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்து சுவரோரம் போனேன். "யாரும் கிட்ட வராதீக."

"ஏண்டி, சீமைக்குப் போயி நாலு காசு பாத்ததும் தாய்ப்பாலு நாறுதாக்கும்?"

அம்மா நிதானமாகப் பேசினாள். "நீ பொறந்த ஒடனே கண்ணு பொங்கிப் பொத்திக்கிச்சு. எம்பால ஊத்தித்தான தெறந்த? அப்ப எந்த டாக்டரு வந்தான்?"

"அது வேறம்மா. இப்பக் கண்ணு மேல ஏடாட்டம் ஒண்ண அறுத்துத் தெறந்து, மறுபடி மூடி வச்சுருக்காக. தையல் கெடையாது. தானா ஒட்டணும். அது ஒட்டுறதுக்குள்ள எது உள்ள போனாலும் கண்ணு போயிரும். பாலு போனாலும் போயிரும், பன்னீரு போனாலும் போயிரும்."

"நர்சம்மா சொல்றாக, எல்லாரும் கேட்டுக்கங்க" என்றாள் சித்தி.

"விடுங்க சித்தி. வேண்டாங்கிறவுகளுக்கு என்னத்துக்கு? எம்புள்ளையாச்சும் குடிக்கட்டும்" என்று பாலாடையை வாங்கிக்கொண்டு சித்ரா திரும்பிக்கொண்டாள். நான், "சித்ரா, உம்பால நான் கொற சொல்லல" என்றேன். "தெரியும் மதினி" என்றாள், முகத்தைக் காட்டாமல்.

இங்கே, அயர்லாந்தில், நான் ஒரு நோயாளியின் மகளிடம் வேண்டாம் என்றால் அவள் "சாரி" என்று இரண்டடி பின்னால் போய்விடுவாள். என் வீட்டில் வேண்டாம் என்று சொல்வது கொடுத்தவரைத் தள்ளிவிடுவது. அது தெரிந்தும் நான் பின்வாங்கவில்லை. கண்ணை இழந்துவிட்டு உறவைக் காப்பாற்றி என்ன செய்ய? ஆனால் அந்த மூன்று பெண்களையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதானே வந்து நின்றார்கள்.

"அம்மா, சொட்டு மருந்து விடுற நேரம் ஆச்சு. நீ விடு" என்றேன்.

"எனக்கு என்னடி தெரியும் அதெல்லாம்?"

"கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. பச்ச மூடி போட்ட மருந்த எடு. குப்பி கண்ணுல படாம ஒரு சொட்டு விடணும், அம்புட்டுத்தான்."

அம்மா கழுவிவிட்டு வந்து தன் கையை மோந்து பார்த்தாள். திரும்பிப் போய் மறுபடி கழுவினாள். அத்தனை வருடம் வெங்காயம் பிரித்த கை அது. காரம் எங்கேயாவது ஒட்டியிருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். மூன்றாம் தடவை கழுவிவிட்டுச் சித்தியின் மூக்கருகே நீட்டி, "நாறுதா பாரு" என்றாள். சித்தி முகத்தைச் சுளித்துக்கொண்டே மோந்து, "இல்ல" என்றாள். அதன் பிறகுதான் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது சரியாக உள்ளே விழுந்தது. அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. "இங்கன ஒரு மச்சம் இருக்கேடி, கண்ணுக்குக் கீழ" என்றாள். பிரேமின் விளிம்பு மறைத்திருந்த இடம் அது.

அன்றிலிருந்து அம்மா பேட்டைக்கு லீவு போட்டாள். மருந்துக்கு வேளை தவறவில்லை. உடம்பு பார்க்க வந்தவர்களை வாசலிலேயே மறித்தாள். "அங்கிட்டே நின்னு பாத்துட்டுப் போங்க. தூசியோட உள்ள வரப்படாது. ஹார்லிக்ஸ அங்கன வைங்க." சித்திகூட என்னை அடுப்படி வாசலிலிருந்துதான் பார்க்க முடிந்தது. "நாங்கொண்டாந்த யோசன நல்ல யோசன. இப்ப என்னயவே வெரட்டுறா" என்று அவள் அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்பு மஞ்சளாகிக் கரைந்தது. அடுத்த சோதனையில் டாக்டரம்மா நன்றாக ஒட்டிவிட்டது என்றார். வரும் வழியில் எதிரே வந்த பஸ்களின் பெயர்ப்பலகைகளை எல்லாம் தேவையே இல்லாமல் சத்தமாகப் படித்தேன்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருந்தேன். திரும்புவதற்குச் சில நாள் முன்னால், அம்மாவின் கணக்கில் என் பெயரையும் சேர்க்க இருவரும் ஒரு வங்கிக்குப் போனோம். சாதாரணப் புடவை, எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. அம்மா ரேகை வைத்தாள். அடுத்து நான். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மைப்பெட்டியை அப்படியே என் பக்கம் தள்ளினார். "பெருவெரல வைங்கம்மா, இடது கை."

அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, ஆங்கிலத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேவைக்கு மேல் அழுத்தி எழுதினேன். அவர், "ஓ, சரி சரி" என்று பெட்டியை இழுத்து மூடினார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது பெரிய விஷயமே இல்லை.

வெளியே வந்ததும் அம்மா, "இதுக்குத்தான்டி அப்பவே சொன்னேன்" என்றாள்.

"அவன் என்ன நெனச்சா என்ன? நான் போட்டேன்ல கையெழுத்து."

"நீ போட்ட. நீ அங்க இருக்கயில நான் மட்டும் வந்தா?"

என் கண்ணைப் பற்றியே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடி எங்கள் இரண்டு பேருக்குமாக வேலை செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கழற்றியதற்காக வருத்தப்படவில்லை, இப்போதும் வருத்தமில்லை. ஆனால் அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடக் கற்றுத் தருகிறேன் என்றேன். "அதுக்கு நாளாகும். அந்தக் கண்ணாடிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போ. அது இப்பவே ஆகும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தாள். "ஆத்தாடி, தரையெல்லாம் பள்ளமாத் தெரியுது!" என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். முருகேசன் அதை வாங்கி இரண்டு வில்லையையும் கழற்றிவிட்டு வெறும் பிரேமைக் கொடுத்தான். அம்மா போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். "கலெக்டரம்மா, ஆட்டோ ரெடி" என்றான். இந்த முறை அடி விழவில்லை. "எப்படிடி இருக்கு?" என்று அம்மா சித்ராவைக் கேட்டாள். "ரிட்டயர்டு டீச்சராட்டம் இருக்கீக அத்தை" என்றாள் சித்ரா. அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். வில்லை இல்லாததால் அழும்போது பிரேமைக் கழற்றாமலே, விரலை உள்ளே விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடிந்தது.

டப்ளின் விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். போட்டோ எடுத்த அன்று ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லியும் அம்மா விடவில்லை.

"உங்கள் கண்ணாடி எங்கே?" என்று அதிகாரி கேட்டார்.

"என் அம்மா போட்டிருக்கிறார்."

"அடடா. அவருக்கும் பார்வை மோசமா?"

"இல்லை. நல்ல பார்வை. மலைமேல் மேயும் ஆட்டைக் கீழே நின்று எண்ணிவிடுவார்."

அவர் இரண்டு விரலால் போட்டோவில் இருந்த கண்ணாடியை மறைத்து, மிச்சமிருந்த முகத்தை என் முகத்தோடு ஒப்பிட்டார். சரியாக இருந்திருக்க வேண்டும். முத்திரை குத்தினார். இங்கே அப்போது காலை வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. திண்டுக்கல்லில் ஆபீஸ்களில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரம். ஏதோ ஒரு கவுண்டருக்கு முன்னால் என் பிரேமை மூக்கில் மாட்டிக்கொண்டு, யாராவது ஸ்டூல் போடுகிறார்களா என்று அம்மா பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். நான் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, வெறுங்கண்ணால் பலகையைப் படித்து, வெளியே போகும் வழியில் நடந்தேன்.